அன்பில் அநிருத்தர்: புதினத்தின் மந்திரியும் செப்பேட்டின் நில உரிமையாளரும்

கல்கியின் பொன்னியின் செல்வனை வாசித்தவர்களுக்கு முதன்மந்திரி அநிருத்தப் பிரமராயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1950இல் தொடராக வெளிவரத் தொடங்கிய அப்புதினத்தில், நோயுற்ற சுந்தர சோழரின் நம்பிக்கைக்குரிய ஆலோசகர் அவர். அரண்மனையின் இரகசியங்கள் அவர் கைக்குள் இருக்கின்றன. ஆழ்வார்க்கடியான் என்னும் ஒற்றன் அவருக்காக ஊர் ஊராய்த் திரிகிறான். 2022, 2023ஆம் ஆண்டுகளில் திரைப்படமாகவும் வந்த பின்னர், நூலைத் தொட்டறியாத தலைமுறைக்கும் அப்பெயர் பழகிவிட்டது. சென்ற ஆண்டு ஒரு கல்லூரி வாசகர் வட்டத்தில் சட்ட மாணவி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அநிருத்தர் உண்மையிலேயே இருந்தாரா, கல்கி உருவாக்கியவரா?"

இருந்தார். அவர் இருந்ததற்கான முதன்மைச் சான்று ஒரு நில ஆவணம் என்பதுதான் இக்கட்டுரைக்குக் காரணம். திருச்சிராப்பள்ளி மாவட்டம், இலால்குடிக்கு அருகே கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள அன்பில் என்னும் ஊரின் பெயரால் 'அன்பில் செப்பேடுகள்' என்று அவை அழைக்கப்படுகின்றன. து. அ. கோபிநாத ராவ் அவற்றைப் படித்து எபிகிராபியா இண்டிகாவின் 15ஆம் தொகுதியில் பதிப்பித்தார். சுந்தர சோழனின் நான்காம் ஆட்சியாண்டு, அதாவது ஏறத்தாழ 961இல், அநிருத்தப் பிரம்மாதிராஜன் என்னும் தன் அமைச்சருக்கு அரசன் 10 வேலி நிலத்தைக் கொடையாக அளித்ததை அவை பதிவு செய்கின்றன. கொடை நிலத்துக்குக் கருணாகரமங்கலம் என்று பெயரிடப்பட்டது.

புதினத்தில் அநிருத்தரின் அதிகாரம் அவருடைய அறிவிலிருந்தும் அரச விசுவாசத்திலிருந்தும் பிறக்கிறது. கல்கியின் நேர்மையைக் குறிப்பிட வேண்டும்: அவர் அநிருத்தரை மாசற்ற புனிதராகக் காட்டவில்லை. மந்தாகினி பற்றிய உண்மையை மறைத்தவராகவும், அரச குடும்பத்தின் நலன் கருதிச் சில கொடுமைகளுக்குத் துணை நின்றவராகவும் காட்டுகிறார். ஆனால் அந்த மனிதர் எதை உண்டு வாழ்ந்தார், அவருடைய நிலம் எங்கே இருந்தது, அதை யார் உழுதார்கள் என்ற கேள்விகள் புதினத்தின் எல்லைக்குள் வருவதில்லை. சதியும் காதலும் நிறைந்த கதையில் அவற்றுக்கு இடமில்லாதது இயல்பே. வரலாற்றிலோ, அநிருத்தரைப் பற்றி நம்மிடம் எஞ்சியிருப்பது அந்தக் கேள்விகளுக்கான விடை மட்டும்தான்.

செப்பேட்டின் அமைப்பைக் கவனியுங்கள். சோழர் செப்பேடுகள் பலவற்றைப் போலவே இதுவும் சமஸ்கிருதப் பகுதி, தமிழ்ப் பகுதி என இரண்டாகப் பிரிகிறது. சமஸ்கிருதப் பகுதி புகழ் பாடுகிறது. சோழர் குலத்தைப் புராண அரசர்களிடமிருந்து தொடங்கி, கோச்செங்கணான் வழியாக விஜயாலயன் வரை கொண்டுவந்து சேர்க்கிறது. காவிரியின் இரு கரைகளிலும் சஹ்ய மலையிலிருந்து கடல் வரை ஆதித்த சோழன் சிவன் கோயில்களை வரிசையாக எழுப்பினான் என்ற புகழ்பெற்ற செய்தி இந்த ஏட்டில் உள்ளதே. அரச மரபுக்கு அடுத்து அமைச்சரின் மரபு வருகிறது. திருவரங்கத்துப் பெருமாளிடம் பற்றுக் கொண்ட வைணவப் பிராமணக் குடும்பம். முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பெயருடன் குறிக்கப்படுகின்றனர். தமிழ்ப் பகுதி நிலத்தைப் பேசுகிறது. வழக்குரைஞராகச் சொல்வதானால், முன்னது ஆவணத்தின் முகவுரை. பின்னதில்தான் சொத்து கைமாறுகிறது. சோழர் வரலாற்றை எழுதியவர்களில் பலர் முகவுரையில் நெடுநேரம் தங்கினார்கள். வம்சாவளியை நிறுவ அது தேவைப்பட்டது என்பதால் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நமக்கு வேண்டியது மற்றைய பகுதி.

10 வேலி என்பது எவ்வளவு? பிற்கால வழக்கில் ஒரு வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கர். அக்கால அளவுகோல்கள் ஊருக்கு ஊர் மாறின என்பதால் இதை அப்படியே 10ஆம் நூற்றாண்டுக்குப் பொருத்த முடியாது. எனவே அந்நூற்றாண்டுக்குள்ளேயே ஓர் ஒப்பீட்டைத் தேடுவது நல்லது. சுந்தர சோழனின் பாட்டனான முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. 'பண்டைய மக்களாட்சி' என்று மேடைதோறும் போற்றப்படும் குடவோலை முறையைச் சொல்பவை அவை. அந்தப் பிராமண ஊர்ச் சபையின் வாரியங்களுக்குத் தகுதி பெற வேண்டியவர் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் உடையவராக, சொந்த மனையில் வீடு கட்டியவராக, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குட்பட்டவராக, வேதக் கல்வி உடையவராக இருக்க வேண்டும். கால் வேலி வைத்திருந்தவர் ஊரின் ஆட்சிக் குழுவில் அமரலாம் என்றால், ஒரே கொடையில் அதைப் போல் 40 மடங்கைப் பெற்றவர் யார் என்று புரியும். வேதம் கற்க அனுமதிக்கப்படாதவர் குடத்தில் ஓலையாகவும் விழ முடியாது என்பதையும் குடவோலையைப் புகழ்பவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிரம்மாதிராயர் என்னும் பட்டம்

அநிருத்தர் தனி மனிதர் என்ற அளவில் முக்கியமானவர் அல்லர். பிரம்மாதிராஜன், பிரம்மாதிராயன், பிரம்மமாராயன் என்றெல்லாம் வழங்கிய பட்டம், சோழ அரசுப் பணியில் உயர்ந்த பிராமண அதிகாரிகளுக்கு அளிக்கப்பட்டது. இவர்கள் ஆலோசனை சொல்லும் அந்தணர்களாக மட்டும் இருந்தார்கள் என்று எண்ணினால் தவறு. இராசராசனின் சேனாபதிகளில் ஒருவர் கிருஷ்ணன் இராமன் என்கிற மும்முடிச்சோழ பிரம்மமாராயன். கேரளாந்தகச் சதுர்வேதிமங்கலம் என்னும் அமண்குடியைச் சேர்ந்த பிராமணர். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை அரசன் ஆணைப்படி எடுப்பித்தவர் அவரே. படை, கட்டுமானம், வருவாய், ஆவணம் ஆகிய அனைத்திலும் இப்பட்டக்காரர்கள் இருந்தனர். பிராமணரல்லாத அதிகாரிகளுக்கு மூவேந்தவேளான், பல்லவரையன் போன்ற பட்டங்கள் இருந்தன. அவர்களும் பெருநில உடைமையாளர்களே. இந்த இரண்டாம் செய்தியை மறந்துவிட்டு, சோழ அரசின் சாதியமைப்பு முழுவதையும் பிராமணர் தலையில் மட்டும் சுமத்தும் பழக்கம் நம் மேடைகளிலும் உண்டு. கல்வெட்டுகள் அந்த வசதியை நமக்குத் தருவதில்லை.

இப்பட்டம் புதினத்தின் வில்லன் பக்கத்திலும் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆதித்த கரிகாலனின் கொலையைப் பேசும் கல்வெட்டு, காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ளது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அது குற்றவாளிகளாகப் பெயரிடுவோருள் சோமன், அவன் தம்பி இரவிதாசனாகிய பஞ்சவன் பிரம்மாதிராஜன், மற்றொரு தம்பி பரமேசுவரனாகிய இருமுடிசோழ பிரம்மாதிராஜன் ஆகியோர் அடங்குவர். கல்கியின் இரவிதாசன் மந்திரவாதி, பாண்டியனின் ஆபத்துதவி. கல்வெட்டின் இரவிதாசனோ அநிருத்தர் பெற்ற அதே வகைப் பட்டத்தை உடையவன். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல் என்பதால், அது பாண்டிய அரசு தந்த பட்டமாக இருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் தம்பியின் 'இருமுடிசோழ' என்ற அடைமொழிக்கு அந்த விளக்கம் பொருந்தாது.

இக்கல்வெட்டைப் பற்றி நம் தோழர்கள் அடிக்கடி கூறுவது: "அரசகுமாரனைக் கொன்றும் பிராமணர் என்பதால் மனுநீதிப்படி உயிர்த்தண்டனை இன்றித் தப்பினர்." நான் இதை மேடையில் சொல்வதில்லை. கல்வெட்டு வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணையைப் பேசுகிறது. துரோகிகளின் சொத்தும், பெண் கொடுத்தோர், கொண்டோர் உட்பட அவர்தம் உறவினர் சொத்தும் பறிமுதலானதையும், அந்நிலம் விற்கப்பட்டுக் கோயில் அறத்துக்குச் சென்றதையும் பேசுகிறது. உடல் தண்டனை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சொத்து ஆவணம் சொத்தைப் பற்றித்தான் பேசும். அதன் மௌனத்தைக் கொண்டு தண்டனை அளிக்கப்பட்டது என்றோ அளிக்கப்படவில்லை என்றோ நிறுவ இயலாது. தர்மசாத்திரங்கள் பிராமணருக்கு மரண தண்டனை கூடாது என்று கூறுவது உண்மை. அது வலுவான ஐயத்தை எழுப்புகிறது. ஐயத்தைத் தீர்ப்பாக எழுதிவிட்டால், எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மீதி அனைத்தையும் தள்ளிவிடும். நீதிமன்றத்தில் நான் பலமுறை பார்த்தது அது.

புதினத்தின் முதல் காட்சி நிகழும் வீரநாராயண ஏரியும் இந்தப் பிரமதேயமும் ஒரே பெயரைச் சுமக்கின்றன. வீரநாராயணன் என்பது பராந்தகனின் விருதுப்பெயர். வந்தியத்தேவன் குதிரைமேல் அமர்ந்து வியந்து பார்த்த நீரின் கீழே, ஒரு சதுர்வேதிமங்கலத்தின் வயல்கள் விளைந்தன.

கொடை என்பது எதைக் கொடுத்தது

பிரமதேயக் கொடையை 'நிலத்தைத் தானம் செய்தான்' என்று மட்டும் எழுதினால் பாதியே சொன்னவராவோம். அரசாணை நாட்டார்க்கும், பிரமதேயக் கிழவர்க்கும், கோயில் நிலங்களையும் பள்ளிச்சந்தங்களையும் உடைய ஊரார்க்கும் முகவரியிடப்பட்டு வரும். அவர்கள் அதைத் தலைமேல் ஏற்று, பெண் யானையை நடக்கவிட்டு, அது சுற்றிவந்த வழியே எல்லை குறித்து, கல்லும் கள்ளியும் நடுவார்கள். அவ்வெல்லைக்குள் வயல், தோட்டம், மரம், கிணறு, புற்று, மன்று, கன்றுகள் மேயும் வெளி அனைத்தும் கொடையில் அடங்கும். பல்வேறு வரிகளைத் தாமே கொள்ளும் உரிமையும் கொடை பெற்றவர்க்குச் சேரும்.

அதற்குமேல் சில சிறப்புரிமைகள் இருந்தன. இராசராசன் காலத்து ஆனைமங்கலக் கொடையைச் சொல்லும் லெய்டன் பெரிய செப்பேடுகளிலும், இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளிலும் அவை பட்டியலாக உள்ளன. சுட்ட செங்கல்லால் மாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம், தென்னையும் தமனகமும் நடலாம், அத்தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது. சுட்ட செங்கல் வீடு அரசன் எழுதித் தர வேண்டிய உரிமையாக இருந்தது என்றால், அந்த எழுத்து இல்லாதவர்கள் எத்தகைய வீட்டில் இருந்திருப்பார்கள் என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆனைமங்கலக் கொடை பிராமணர்க்குச் சென்றதன்று. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்குச் சென்றது. ஈழவர்க்கான தடை அங்கும் இருக்கிறது. கொடை பெற்றவரின் சமயம் மாறியபோதும் ஆவணத்தின் வாய்பாடு மாறவில்லை.

முன்பே அந்நிலத்தில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? பல்லவர் செப்பேடுகளில் முன்பு பெற்றவரை மாற்றி, 'குடி நீக்கி' நிலம் அளிக்கும் தொடர் காணப்படுகிறது. குடி நீக்குதல் என்றால் உழுகுடிகளை வெளியேற்றுதலா, அவர்களது பழைய உரிமையை மட்டும் இல்லாமற் செய்து அதே நிலத்தில் உழைக்க வைத்தலா என்பதில் ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. எனக்கு இரண்டாவது பொருளே கூடுதல் பொருத்தமாகப் படுகிறது. வேதம் ஓதுபவருக்கு அளிக்கப்பட்ட வயலில் யாரேனும் நாற்று நட்டாக வேண்டும் அல்லவா? எப்படியாயினும், உரிமை இழந்த அந்தக் குடிகளின் பெயர் எந்த ஏட்டிலும் பொறிக்கப்படவில்லை.

இந்தப் போக்கு அநிருத்தரோடு முடியவில்லை. இரு தலைமுறைக்குப் பின் இராசேந்திரனின் கரந்தைச் செப்பேடுகள், ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களை இணைத்துத் திரிபுவனமகாதேவிச் சதுர்வேதிமங்கலமாக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமணர்க்குப் பங்கிட்டதைப் பதிவு செய்கின்றன. அதன் அருகே வைத்தால் அன்பில் கொடை மிகச் சிறியது.

தீண்டாச்சேரி

2019 ஜூன் மாதம் தஞ்சை மாவட்டம் திருப்பனந்தாளில் இயக்குநர் பா. இரஞ்சித், இராசராசன் காலம் தலித்துகளுக்கு இருண்ட காலம் என்றும் அவர்களுடைய நிலங்கள் அப்போது பறிக்கப்பட்டன என்றும் பேசினார். அவர்மீது குற்ற வழக்கு பதியப்பட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அவர் முன்பிணை பெற வேண்டியிருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஓர் அரசனைப் பற்றிய கருத்துக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் பயன்படுத்தப்பட்டது ஒருபுறம் இருக்கட்டும். அந்த விவாதத்தில் இரு தரப்பிலும் கல்வெட்டைப் படித்துவிட்டு வந்தவர்கள் சிலரே.

அன்பில் செப்பேட்டில் தலித் நிலம் பறிக்கப்பட்டது என்று எழுதப்படவில்லை. கருணாகரமங்கலத்தின் 10 வேலியில் முன்பு யார் இருந்தனர் என்று அதிலிருந்து நிறுவ முடியாது. ஆனால் அமைச்சர் மறைந்த தலைமுறைக்கு அடுத்ததாக, தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரிலேயே வேறு வகைச் சான்று இருக்கிறது. 29ஆம் ஆட்சியாண்டு வரை இராசராசன் அக்கோயிலுக்கு அளித்த ஊர்களின் நீண்ட பட்டியல் அது; ஹூல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் உள்ளது. ஒவ்வோர் ஊரின் மொத்த நில அளவும் சொல்லப்பட்டு, அதிலிருந்து வரியில்லாத பகுதிகள் கழிக்கப்படுகின்றன: ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் 'தீண்டாச்சேரி' என்ற சொல்லே இடம்பெறுகிறது. உழவுத் தொழில் செய்யும் பறையர் குடியிருப்பு 'உழப்பறையர் இருக்கும்' சேரி என்று குறிக்கப்படுகிறது. சுடுகாடும் பிரிந்தே கிடக்கிறது. வெள்ளாளர்க்கு ஒன்று, பறையர்க்கு வேறொன்று. கல்வெட்டுகளில் தீண்டாமையின் தடயங்களை ஆராய்ந்த நொபொரு கராஷிமா இச்சான்றுகளுக்கு உரிய இடத்தை அளித்தார்.

சேரிக்கு வரி இல்லை என்பதை அரசனின் பெருந்தன்மையாகக் காட்டும் எழுத்துகளைச் சமூக ஊடகங்களில் காண்கிறேன். வரி விளைநிலத்துக்கு உரியது. குளத்துக்கும் வாய்க்காலுக்கும் வரி இல்லை; ஊர் நத்தத்துக்கும் வரி இல்லை. விளையாத பரப்பு அனைத்தும் கழிக்கப்பட்ட கணக்கு அது. அதில் கருணையும் இல்லை, தனியான வன்மமும் இல்லை. அந்தக் கணக்கில் நமக்குப் பயன்படுவது வேறொன்று. வருவாய்த்துறை அதிகாரிகள் நில அளவுக்காக எழுதிய பட்டியலில், எவ்வித விளக்கமும் இன்றித் 'தீண்டா' என்ற அடைமொழி ஓர் இடப்பெயராக வருகிறது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சொல்லை யாருக்கும் விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தீண்டாமை பிற்காலத்தில், விஜயநகர ஆட்சியிலோ ஆங்கிலேயர் வந்த பிறகோ தமிழகத்துக்கு வந்தது என்று சொல்பவர்களுக்கு இச்சுவரைக் காட்டினால் போதும்.

சேரி மனையின் கதை நீளமானது. 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர், பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையில், அவர்களுக்குக் குடியிருக்கும் மனையும் சொந்தமில்லை என்பதையும், மிராசுதாரர்கள் அதைக் காட்டியே அவர்களை வெளியேற்றி மிரட்டிப் பணிய வைத்தார்கள் என்பதையும் பதிவு செய்தார். மிராசுதாரர்கள் தம் உரிமைக்குக் காட்டியது பழமையான காணியாட்சி. அடுத்த ஆண்டு, 1892இல், பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கான ஆணை பிறந்தது. அந்நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. இன்று அந்த நிலங்களுக்காக நாங்கள் நடத்தும் வழக்குகளில் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது, "உங்கள் மூல ஆவணம் எங்கே?" என்பதுதான்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்பில் செப்பேடுகளின் பாடம் எபிகிராபியா இண்டிகாவில் அச்சில் உள்ளது. தஞ்சைக் கல்வெட்டுகளும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் உள்ளன. பல்கலைக்கழக நூலகங்களில் தூசி படிந்து கிடக்கும் தொகுதிகள் இவை. பொன்னியின் செல்வனைப் படிக்கும் கோடை விடுமுறையிலேயே இவற்றையும் எடுத்துப் பாருங்கள். வேலி, மா, காணி, முந்திரிகை என்ற அளவுகள் முதலில் மிரட்டும். இரண்டு மூன்று ஊர்களின் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டால் பிடிபட்டுவிடும். பறைச்சேரிக்குக் கழித்த அளவையும் ஊர் நத்தத்துக்குக் கழித்த அளவையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.